முதல் பூச்சு

டெலித் சாந்து பூசி முடித்த அன்று
வரவேற்பறைச் சுவர்
தோலுரித்த சால்மன் நிறத்தில் இருந்தது.
"வெளிறும்வரை தொடாதீங்க," என்றாள்
கரணையை வாளியில் அலசிக்கொண்டே.
எத்தனை நாளாகும் என்று எமிர் கேட்டான்.
"சுவர்கிட்டதான் கேக்கணும்."

சுவான்சியில் நவம்பர்.
மழை விட்டதாகச் சொல்ல ஆளில்லை.
வீட்டை விற்றுப் பாதியாகப் பிரிப்பதென்று
இரண்டு வக்கீல்களும் ஒப்புக்கொண்டாயிற்று.
பழசைச் சுரண்டிப் புதுசாகப் பூசினால்
எட்டாயிரம் பவுண்டு கூடக் கிடைக்கும் என்றார் தரகர்.
ஆளுக்கு நாலாயிரம்.
கணக்கில் மட்டும் நாங்கள் எப்போதும் ஒற்றுமை.

எமிருக்குப் பொறுமை கிடையாது.
எங்கள் கல்யாணமே
பார்த்த பதினோராவது வாரத்தில் நடந்தது.
பத்தாம் நாள், சனிக்கிழமை,
விலையுயர்ந்த பெயின்ட்டைக் கெட்டியாகவே
உருட்டிவிட்டுப் போனான்.
செவ்வாயன்று ஓரத்து ஒட்டுநாடாவை இழுத்தேன்.
நாடாவோடு கூடவே வந்தது
ஒரு முழ அகலத்துக்குச் சுவரின் தோல்,
வெயில் தின்ற முதுகு உரிவதுபோல,
கிழியாமல்.
போன் செய்தேன். வந்தான். அவனும் இழுத்தான்.
ஜன்னலிலிருந்து கதவுவரை ஒரே உரிப்பு.
அதைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றான், மடையன்.
சிரித்துவிட்டேன்.
இரண்டு வருஷமாக அந்த வீட்டில்
சிரிப்பெல்லாம் டிவிக்குள்தான்.

டெலித் வந்து பார்த்தாள். திட்டவில்லை.
புதுச் சுவருக்குத் தாகம் அதிகம், என்றாள்.
நல்லாக் காயட்டும். அப்புறம் முதல்ல குடிக்கக் குடுங்க,
உடுத்துறது பிறகு.
மலிவான வெள்ளை, பாதிக்குப் பாதி தண்ணீர்,
நீர்மோர்ப் பதம்.

எல்லாம் காய்ந்த பிறகும்
ஜன்னலுக்குக் கீழே ஒரு சாப்பாட்டுத் தட்டளவு ஈரம்
அடம் பிடித்தது.
நீத் ஊரில் எடுத்திருந்த ஒற்றை அறையிலிருந்து
எமிர் சாயங்காலம் சாயங்காலம் வந்தான்,
தட்டைப் பார்க்க.
புறங்கையை வைப்பான். நானும் வைப்பேன்.
"குளிருது, இல்ல?"
"குளிருது."
பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போடுவோம்.
தட்டு சாஸர் ஆனது.
சாஸர் சட்டைப் பொத்தான் ஆனது.
டீ கொடுத்தேன். இப்போது சர்க்கரை போடுவதில்லையாம்.
யார் நிறுத்தினார்கள் என்று கேட்கவில்லை.

பொத்தானும் மறைந்த மறுநாள்
புறங்கையை வைத்தான். நானும் வைத்தேன்.
"குளிருது, இல்ல?"
"குளிருது."

இன்னும் நான்கு நாள் குளிர்ந்தது.

அப்புறம் தரகர் போன் செய்தார்.
டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து
கரணைத் தடங்களைத் தேடித் தேய்த்தோம்.
பக்கவாட்டு வெளிச்சத்தில்
எந்தச் சுவரும் யோக்கியமில்லை.
இமையெல்லாம் இளஞ்சிவப்புப் பொடி.
ஈரத் துணியை அவன் நீட்டினான்,
நான் என் முகத்தை நானே துடைத்துக்கொண்டேன்.
நீர்த்த வெள்ளையைச் சுவர் சத்தமில்லாமல் குடித்தது,
மிச்சத்தை எங்கள் முழங்கை வழியே ஒழுகவிட்டது.
பென்சில் வளையங்கள்
முதல் பூச்சுக்கும் தெரிந்தன,
இரண்டாவதற்கும்,
உற்றுப் பார்த்தால் மூன்றாவதற்கும்.

கடைசி நிறத்தைத் தரகர் தேர்ந்தெடுத்தார்.
யாருக்கும் பிடிக்காமல் போகாத நிறமாம்.
டப்பாவில் அதற்கு ஓட்ஸ் பால் என்று பெயர்.
வாங்குகிறவர்கள் வந்ததும் பச்சை அடிப்பார்கள்,
அல்லது இந்தச் சுவரையே இடிப்பார்கள்.

ராத்திரி ஒன்பது மணி. நான்கு சுவரும் முடிந்தாயிற்று,
பூச இனி ஒரு சாண் இடமில்லை.
எமிர் குனிந்து உட்கார்ந்து
பெயின்ட் உருளையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றினான்,
காற்றுப் புகாமல், முனைகளை முறுக்கி,
காலையில் காய்ந்துபோய்விடக் கூடாதே என்று.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாளியை மட்டும் கழுவாமல் வைத்தேன்.